கலவைக் கணக்கும் இரண்டு சமன்பாடுகளும்

பீஜகணிதத்தில் மாணாக்கரைப் பெரிதும் அஞ்ச வைப்பது எது என்று அதைக் கற்பிக்கும் உபாத்தியாயரைக் கேட்டால், சமன்பாட்டைத் தீர்ப்பது அன்று, வாக்கியமாக வந்த கணக்கைச் சமன்பாடாக எழுதுவதே என்றுதான் பெரும்பாலும் விடை வரும். அவ்வகையில் முன்னணியில் நிற்பது, இரண்டு தரத்துப் பாலையோ தங்கத்தையோ அமிலத்தையோ கலந்து மூன்றாவது தரமொன்றை ஆக்கும் கலவைக் கணக்கு. இந்த அச்சத்துக்குப் பரிகாரமாக, போட்டித் தேர்வுப் பயிற்சி நிலையங்கள் ‘அலிகேஷன்’ என்னும் குறுக்குவழியைக் கற்பிக்கின்றன. இரண்டு தரங்களையும் மேலே எழுதி, வேண்டிய தரத்தை நடுவில் எழுதி, குறுக்காகக் கழித்தால் விகிதம் வந்துவிடுகிறது. அம்முறை பிழையானதன்று, ஒரு நிமிஷத்துக்கு ஒரு வினா என்று விரையும் பரீட்சைக்கு அது உதவவும் செய்யும். ஆயினும், ஒருங்கமை சமன்பாடுகளை முதன்முதலாகச் சந்திக்கும் ஒன்பதாம் வகுப்புக் குழந்தைக்கு அதையே முதலில் கொடுப்பது, அக்குழந்தை அடைய வேண்டிய அறிவை வாசலிலேயே தடுத்து நிறுத்துவதாகும் என்பது என் உறுதியான அபிப்பிராயம்.

ஒரு பொற்கொல்லரிடம் 24 காரட் சொக்கத் தங்கமும், 18 காரட் பழைய நகையும் இருக்கின்றன என்றும், அவர் கடைவீதியில் 916 என்று வழங்கும் 22 காரட் தரத்தில் மூன்று பவுன், அதாவது 24 கிராம், சங்கிலி செய்ய வேண்டும் என்றும் வைத்துக்கொள்வோம். சொக்கத் தங்கம் x கிராம், பழைய நகை y கிராம் என்றால், எடைக்கு ஒரு கணக்கு: x + y = 24. அந்த எடைக்குள் அடங்கிய தூய தங்கத்துக்கு இன்னொரு கணக்கு: பழைய நகையில் முக்கால் பங்கே தங்கமாதலாலும், சங்கிலியில் 22 கிராம் தங்கம் இருக்க வேண்டுமாதலாலும், x + ¾y = 22. முதலாவதிலிருந்து இரண்டாவதைக் கழித்தால் ¼y = 2 என்று வருகிறது. இவ்விடத்தில் உபாத்தியாயர் சற்றே நின்று, இந்தக் கழித்தலின் பொருள் என்ன என்று கேட்க வேண்டும். மொத்த எடையிலிருந்து தங்கத்தைக் கழித்தால் மிஞ்சுவது செம்பும் வெள்ளியும்தானே? சங்கிலியில் அவை 2 கிராம். அவை வரக்கூடிய இடம் பழைய நகை ஒன்றே. அதில் அவை கால் பங்கு. ஆகவே பழைய நகை 8 கிராம். ஒரு பவுன் பழைய நகை, இரண்டு பவுன் சொக்கத் தங்கம். நீக்கல் முறை என்று நாம் பெயரிட்டு மனனம் செய்விக்கும் செய்கை, மூன்றாவதான ஓர் உண்மையை, கலப்பு உலோகத்தின் கணக்கை, தானாகவே வெளிக்கொணர்ந்துவிடுவதைக் கண்ட குழந்தைக்கு, அதன் பின்னர் x, y என்னும் எழுத்துகள் அந்நியமாகத் தோன்றமாட்டா.

இவ்விஷயத்தில் நமக்கு முன்னோர் உண்டு. 1150-ஆம் ஆண்டில் பாஸ்கராசாரியர் இயற்றிய லீலாவதியில் பொன்னைக் கலக்கும் கணக்குகள் தனியே வகுக்கப்பட்டிருக்கின்றன. ஒவ்வொரு பொன்னின் எடையையும் அதன் தரத்தையும் பெருக்கி, அவற்றைக் கூட்டி, மொத்த எடையால் வகுத்தால் கலவையின் தரம் கிடைக்கும் என்று கூறும் அவர், அதோடு நில்லாமல், உருக்கிப் புடமிட்டு மாசு போக்கிய பின் எடை குறைந்திருந்தால் அந்தக் குறைந்த எடையால் வகுக்க வேண்டும் என்கிறார். எது மாறியது, எது மாறாமல் நின்றது என்னும் விவேகம் அவ்விதியினுள் அடங்கியிருக்கிறது. எடை மாறியது, தங்கம் மாறவில்லை. புடமிட்டுக் கழிந்த எடைக்கு, குறுக்காகக் கழிக்கும் கட்டத்தில் இடமே இல்லை.

இதற்கு நேர் எதிரான ஒரு செய்தியும் மாணாக்கர் அறியத்தக்கது. 50 மில்லிலிட்டர் தண்ணீரையும் 50 மில்லிலிட்டர் எத்தில் ஆல்கஹாலையும் கலந்தால் 100 மில்லிலிட்டர் வருவதில்லை, ஏறக்குறைய 97-தான் வருகிறது. எடையோ சிறிதும் குறைவதில்லை. ஆகவே x + y என்று எழுதுமுன், இங்கே கூட்டத்தக்கது எடையா, கொள்ளளவா என்று யோசிக்க வேண்டியிருக்கிறது. அந்த ஊகத்தைச் சமன்பாடு காகிதத்தில் எழுதி நம் கண்முன் வைக்கிறது. பிழையிருந்தால் சுட்டிக்காட்டித் திருத்த முடிகிறது.

பத்தாம் வகுப்பில் மூன்று மாறிகள் வந்துவிடுகின்றன. மூன்று தரத்து உரங்களைக் கலக்கும்போது தழைச்சத்து, மணிச்சத்து என்று இரண்டு நிபந்தனைகளும், மொத்த எடை என்ற மூன்றாவதும் சேர்ந்து வந்தால், கட்டம் போட்டுப் பழகிய மாணாக்கன் கைபிசைந்து நிற்கிறான். ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு கணக்கு என்று பழகியவனோ மூன்றாவது வரியை எழுதிவிட்டு மேலே செல்கிறான்.

ஆதலின், பொதுத்தேர்வு வினாத்தாள் அமைப்போரை நான் வேண்டுவது ஒன்றே. கலவைக் கணக்கு ஒன்றைக் கொடுத்து, விடையைக் கேளாமல், சமன்பாடுகளை மட்டும் எழுதி, ஒவ்வொன்றும் எந்தப் பொருளின் கணக்கு என்பதை ஒரு வரியில் கூறுமாறு கேளுங்கள். அவ்வினாவுக்கு, விடை காணும் வினாவுக்கு அளிக்கும் மதிப்பெண்ணைக் குறையாமல் அளியுங்கள். தேர்வில் வருவதையே வகுப்பில் கற்பிப்பது என்ற நிலைமை நீடிக்கும் வரையில், பொற்கொல்லரின் 2 கிராம் செம்பையும் வெள்ளியையும் பற்றி வகுப்பறையில் பேச்சு எழுவதற்கு எனக்குத் தெரிந்த வழி அதுவே.