அதிகாரத்துக்கு ஒரு விதி, சாமானியருக்கு ஒரு விதியா?

எந்தப் பதிவு நிற்கலாம், எதை நீக்க வேண்டும் என்பதற்கு ஃபேஸ்புக் நிறுவனம் விரிவான விதிகளை வகுத்திருக்கிறது. அவை எல்லோர் மீதும் ஒரே கண்டிப்புடன் பாய்வதில்லை.

அப்போது பாஜகவில் இருந்த தெலங்கானா எம்.எல்.ஏ. ராஜா சிங்கின் வெறுப்புப் பேச்சுக்காக அவரைத் தடைசெய்ய வேண்டும் என்று ஃபேஸ்புக் ஊழியர்களே முடிவுக்கு வந்திருந்தனர் என 2020 ஆகஸ்டில் ‘வால் ஸ்ட்ரீட் ஜர்னல்’ எழுதியது. ஆளுங்கட்சியினர் மீது கைவைத்தால் தொழில் பாதிக்கும் என்று நிறுவனத்தின் இந்தியக் கொள்கைப் பிரிவுத் தலைவர் அதற்குக் குறுக்கே நின்றதாகவும் அந்தச் செய்தி கூறியது. பாரபட்சமே இல்லை என்றது நிறுவனம். ஆனால், விவகாரம் வெடித்த பிறகு, செப்டம்பரில்தான் அவருக்குத் தடை வந்தது.

மறுஆண்டு ‘கிராஸ் செக்’ ஏற்பாடு அம்பலமானது. அரசியல்வாதிகள், பிரபலங்கள் உட்பட 2020-இல் சுமார் 58 லட்சம் பேர் அந்தச் சலுகைப் பட்டியலில் இருந்தனர். அவர்களின் பதிவு விதியை மீறியதாகத் தெரிந்தாலும் உடனே நீக்கப்படாது, மறுஆய்வுக்குப் போகும். அந்த ஆய்வுக்குச் சராசரியாக ஐந்து நாட்களுக்கு மேல் ஆனதையும், அதுவரை பதிவு அப்படியே இருந்ததையும் நிறுவனத்தின் மேற்பார்வை வாரியமே 2022 டிசம்பரில் கண்டித்தது. ஒரு வெறுப்புப் பதிவு ஊரெங்கும் பரவ ஐந்து நாட்கள் தேவையில்லை.

முக்கியமானவர்களின் பதிவைத் தவறுதலாக நீக்கிவிடக் கூடாது என்பதற்கே இந்த ஏற்பாடு என்று சொல்லப்படுகிறது. தவறு நேரும் என்பது உண்மை. அது சாமானியருக்கும் நேர்கிறது. கேட்க ஆளில்லாத அவருக்குத்தான் மறுஆய்வு அதிகம் தேவை. ஒரு சொல்லால் கூட்டத்தைத் திரட்டக்கூடிய தலைவருக்கோ கூடுதல் பொறுப்பு வேண்டும்.

அரசும் இதில் நிரபராதி அல்ல. தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 69ஏ பிரிவின் கீழ் இணையப் பதிவுகளை முடக்க அரசு பிறப்பிக்கும் உத்தரவுகளை, 2009-ஆம் ஆண்டு விதிகள் ரகசியமாக வைக்கச் சொல்கின்றன. உத்தரவுக்கான காரணங்கள் எழுத்தில் இருப்பதால் நீதிமன்றத்தில் எதிர்க்க முடியும் என்பதையும் கருதியே, 2015-இல் உச்ச நீதிமன்றம் அந்தப் பிரிவை ஏற்றது. பாதிக்கப்பட்டவர் கையில் உத்தரவே கிடைக்காதபோது எதை வைத்து வழக்குத் தொடுப்பது?

எந்த விதி மீறப்பட்டது, யார் கேட்டு நீக்கப்பட்டது என்பதைப் பதிவிட்டவருக்கு எழுத்தில் தெரிவிப்பது கட்டாயமாக வேண்டும். மேல்முறையீட்டுக்குக் காலக்கெடு வேண்டும். பதவியில் இருப்போருக்கான சலுகைப் பட்டியல் ஒழிய வேண்டும். நமக்குப் பிடிக்காத கட்சிக்காரரின் பதிவு காரணமின்றி நீக்கப்படும்போதும் இதே கோரிக்கையை எழுப்புவோருக்கே கருத்துரிமை பற்றிப் பேசும் தகுதி உண்டு.