நாயோடு நடந்தால் நாலும் தெரியும்

போன இதழில் ஊறுகாய் ஜாடியைப் பற்றி எழுதியவள் இப்போது நாயைப் பற்றி எழுத வந்துவிட்டாளே என்று சிரிக்காதீர்கள். நாய் வளர்க்கிறவர்களுக்கு இது நிச்சயம் உபயோகப்படும். "சர்க்கரை வந்துடுச்சும்மா, தினம் நடங்க" என்று டாக்டர் சொல்லிவிட்ட என்னைப் போன்றவர்களுக்கும் உபயோகப்படும்.

எங்கள் வீட்டு மணி ஜாதி நாய் இல்லை. மூன்று வருஷத்துக்கு முன்னால் ஒரு மழை நாளில் என் பையன் சட்டைக்குள் பொத்திக்கொண்டு வந்த தெருக்குட்டி. பையன் வேலை கிடைத்துச் சென்னைக்குப் போய்விட்டான். மணியும், ஆணியில் தொங்கும் அதன் கயிறும் எனக்கு வந்து சேர்ந்தன. அவன் போன புதிதில் மணி சாப்பிடாமல் வாசலையே பார்த்துக்கொண்டிருக்கும். நானும் அப்படித்தான் இருந்தேன் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

புதுவையில் நடப்பதற்குக் கடற்கரைச் சாலையைவிட நல்ல இடம் ஏது? சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் அங்கே வண்டிகளை விடமாட்டார்கள். ஆனால் எங்கள் வீட்டிலிருந்து அங்கே போய்ச் சேருவதற்குள், ஒவ்வொரு முனையிலும் நாலு தெரு நாய்கள் மணியைச் சூழ்ந்துகொள்ளும். எனக்கு நெஞ்சு படபடக்கும். என் வீட்டுக்காரர்தான், "ஞாயித்துக்கிழமையில ஊருக்கு வெளியே போயிடலாம். பொம்மையார்பாளையம் பக்கம் என் சிநேகிதருக்கு முந்திரித் தோப்பு இருக்கு. கேட்டுக்கிட்டுப் போனா ஒண்ணும் சொல்லமாட்டார்" என்றார்.

அந்தப் பக்கத்தைப் பார்க்காதவர்களுக்குச் சொல்கிறேன். முழுக்கச் செம்மண். மழைத் தண்ணீர் அரித்து அரித்து, ஆள் உயரத்துக்கும் மேலாகப் பள்ளம் பள்ளமாக வெட்டி வைத்திருக்கிறது. இடையிடையே பனைமரம், காய்ந்த புல்வெளி, முந்திரி. ஒரு காலத்தில் இங்கே நல்ல காடு இருந்ததாம். மரத்தையெல்லாம் வெட்டி, ஆடு மாடும் மேய்ந்து, பொட்டலாகிப் போயிற்று. 1968-ல் ஆரோவில் ஏற்பட்ட பிறகு அங்கே வந்தவர்கள் வரப்பு கட்டித் தண்ணீரைத் தேக்கி, மரம் நட்டு, பல இடங்களைத் திரும்பக் காடாக்கியிருக்கிறார்கள்.

நாங்கள் முதலில் போனது ஒரு பங்குனி ஞாயிற்றுக்கிழமை. இட்லி அவித்து, சட்னி அரைத்து, சாப்பிட்டு, பாத்திரம் கழுவிக் கிளம்பும்போது ஒன்பது மணி. எங்களுக்கு ஒரு பாட்டில் தண்ணீர் எடுத்துக்கொண்டேன். மணிக்கென்று தனியாக எடுக்கத் தோன்றவில்லை. அது என் தப்பு.

முதலில் மணிக்குத் தலைகால் புரியவில்லை. புல்லுக்குள் பாய்வதும் பள்ளத்தில் இறங்கி ஏறுவதுமாக ஒரே குதி. முக்கால் மணி நேரம் இருக்கும். திடீரென்று ஒரு பனைமரத்தடியில் போய்ப் படுத்துக்கொண்டது. நாக்கு தரை வரைக்கும் தொங்குகிறது. எச்சில் கோந்து மாதிரி வழிகிறது. எழுப்பினால் பின்னங்கால் துவண்டு விழுகிறது. ஈறு ரத்தச் சிவப்பாக இருந்தது. எனக்குக் கை கால் ஓடவில்லை. "என்னங்க, பையனுக்கு என்ன பதில் சொல்லுவேன்?" என்று அழுதே விட்டேன்.

ஆடு மேய்த்துக்கொண்டிருந்த ஒரு பாட்டி ஓடி வந்தார். "ஏம்மா, மனுசனே நிக்க முடியாத வெயில்ல வாயில்லா ஜீவனை இழுத்துகினு வந்துட்டியே! தூக்குங்கய்யா, மோட்டார் கொட்டாய்க்கு!" என்றார். இவர் மணியைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டார். பம்பு செட்டுத் தொட்டித் தண்ணீரை வயிறு, தொடை இடுக்கு, பாதம் எல்லாம் நனையும்படி பாட்டி மொண்டு மொண்டு ஊற்றினார். நான் முந்தானையால் விசிறினேன். பத்து நிமிஷம் கழித்து மணி தானாகத் தலையைத் தூக்கித் தண்ணீரை நக்கியது. பிறகுதான் எனக்கு உயிர் வந்தது. நேராக டாக்டரிடம் கொண்டுபோனோம்.

டாக்டர் சொன்னதை உங்களுக்கும் சொல்கிறேன். நமக்கு உடம்பெல்லாம் வேர்க்கும். நாய்க்குப் பாதத்தில்தான் கொஞ்சம் வேர்க்கும். மற்றபடி மூச்சிரைத்துத்தான் அது உடம்புச் சூட்டைத் தணித்துக்கொள்ள வேண்டும். நாயின் சாதாரணச் சூடே 101, 102 டிகிரி. 104-ஐத் தாண்டினால் ஆபத்து. 106-க்குப் போனால் உயிருக்கே மோசம். அப்போது முதலில் தண்ணீரை ஊற்றிக் குளிர வைக்க வேண்டும், பிறகுதான் டாக்டரைத் தேடி ஓட வேண்டும். ஈரத் துண்டைப் போர்த்தி அப்படியே விட்டுவிடக்கூடாது, அது சூட்டை உள்ளேயே அடைத்து வைக்கும். மயங்கிக் கிடக்கும்போது வாயில் தண்ணீரைப் புகட்டவும் கூடாது, புரையேறிவிடும். கண்ணாடி ஏற்றிய காருக்குள் ஐந்து நிமிஷம்கூட விட்டுவிட்டுப் போகக்கூடாது.

இப்போது நாங்கள் விடியற்காலை ஐந்தே முக்காலுக்குத் தோப்பில் இருப்போம். எட்டு மணிக்குள் திரும்பிவிடுவோம். கிளம்புமுன் என் புறங்கையைத் தரையில் ஐந்தாறு வினாடி வைத்துப் பார்ப்பேன். என் கை தாங்காத சூட்டை அதன் பாதம் எப்படித் தாங்கும்? மணிக்கென்று தனியாக ஒரு பாட்டில் தண்ணீர், ஒரு அலுமினியக் கிண்ணம். அதற்குச் சாப்பாடு திரும்பி வந்து அரை மணி கழித்துத்தான். எனக்குச் சர்க்கரை திடீரென்று இறங்கினால் வாயில் போட்டுக்கொள்ள, முந்தானையில் நாலு கல்கண்டு முடிந்து வைத்திருப்பேன்.

இன்னொரு பாடத்தையும் சொல்லாவிட்டால் மனசு கேட்காது. சித்திரையில் ஒரு நாள், "யாருமில்லையே, கொஞ்சம் ஓடட்டும்" என்று கயிற்றை அவிழ்த்துவிட்டேன். ஆட்காட்டிப் பறவை ஒன்று கத்திக்கொண்டே மணியின் தலைக்கு மேலே பாய்ந்து பாய்ந்து பறந்தது. போய்ப் பார்த்தால், வெறுந்தரையில் கூழாங்கல்லோடு கல்லாக நாலு முட்டை. ஆட்காட்டி மரத்தில் கூடு கட்டாது, தரையில்தான் முட்டையிடும். நான் கூப்பிடக் கூப்பிட மணி இரண்டை உடைத்துவிட்டது. அதை அடித்து என்ன பிரயோஜனம்? அது நாய், அதன் சுபாவம் அப்படி. அவிழ்த்துவிட்டவள் நான். அடுத்த வாரம் தூரத்தில் நின்று பார்த்தோம். மிச்சமிருந்த இரண்டின் மேல் பறவை உட்கார்ந்திருந்தது. அன்றிலிருந்து கயிறு என் கையைவிட்டுப் போவதில்லை. ஆட்டு மந்தைக்கும் அதுதான் நல்லது.

காட்டிலும் சரணாலயத்திலும் வளர்ப்பு நாயை ஏன் விடுவதில்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. பறவையைத் துரத்துவது மட்டுமல்ல, நோயும் ஒரு காரணம். நாய்களுக்கு வருகிற டிஸ்டெம்பர் நோய் 1994-ல் ஆப்பிரிக்காவின் செரெங்கெட்டி காட்டில் ஆயிரம் சிங்கங்கள் வரை கொன்றது. 2018-ல் நம் குஜராத்தின் கீர் காட்டில் இருபதுக்கும் மேற்பட்ட சிங்கங்கள் செத்தபோதும் அந்தக் கிருமி கண்டுபிடிக்கப்பட்டது. நமது ஊசுட்டேரி 2008-லிருந்து பறவைகள் சரணாலயம். அங்கே போவதானால் மணியை வீட்டில் விட்டுவிட்டுத்தான் போவேன். கிழக்குக் கடற்கரைச் சாலையில் கீழ்ப்புத்துப்பட்டு அய்யனார் கோயில் காட்டுக்குப் போனபோதும், இவர் வெளியே நிழலில் மணியைப் பிடித்துக்கொள்ள, நான் மட்டும் உள்ளே போய்க் கும்பிட்டு வந்தேன். நம் கரையோரத்துப் பழைய காடு எப்படி இருந்தது என்று பார்க்க ஆசையிருந்தால் அங்கே போய்ப் பாருங்கள். சாமிக்குப் பயந்து வெட்டாமல் விட்டதால் மிஞ்சிய காடு அது.

வீட்டுக்கு வந்ததும் ஒரு வேலை இருக்கிறது. நாயுருவியும் ஊசிப்புல்லும் என் புடவைக் கரையில் ஒட்டியிருக்கும், மணியின் காதிலும் விரலிடுக்கிலும் இருக்கும். ஊசிப்புல் காதுக்குள் போனால் தலையை ஓயாமல் உதறும், உடனே டாக்டரிடம் காட்ட வேண்டும். பாதத்தில் நெருஞ்சி முள் இருக்கிறதா என்று தடவிப் பார்ப்பேன். உண்ணி இருந்தால் சின்ன இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து நேராக இழுத்துவிடுவேன். கையால் நசுக்கக்கூடாது, மண்ணெண்ணெயும் தடவக்கூடாது. அதற்குப் பிறகு நாய் சாப்பிடாமல் சோர்ந்து ஈறு வெளுத்திருந்தால் உண்ணிக் காய்ச்சலாக இருக்கலாம்.

வருஷா வருஷம் வெறிநாய்க்கடித் தடுப்பூசி போட மறக்காதீர்கள். பிரான்சில் லூயி பாஸ்டர் முதன்முதலாக ஒரு சிறுவனுக்கு அந்த ஊசி மருந்தைக் கொடுத்தது 1885-ல். இத்தனை வருஷம் கழித்தும் மஞ்சள், சுண்ணாம்பு என்று வைத்துக்கொண்டிருக்கிறோம். எந்த நாய் கடித்தாலும் பிறாண்டினாலும், சோப்புப் போட்டு ஓடுகிற தண்ணீரில் பதினைந்து நிமிஷம் கழுவிவிட்டு, அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போய்விட வேண்டும்.

ஒரு வருஷமாக நடக்கிறோம். என் சர்க்கரை கொஞ்சம் கட்டுக்குள் வந்திருக்கிறது. ஆடு மேய்க்கும் பாட்டிக்கு வாரா வாரம் ஒரு தூக்கில் இட்லி எடுத்துப் போகிறேன். தூரத்தில் எங்களைப் பார்த்ததுமே, "தண்ணி எடுத்துகினு வந்தியா?" என்றுதான் கேட்பார். பையன் லீவில் வந்தபோது அவனையும் அழைத்துப் போனோம். கயிற்றை அவனிடம் நீட்டினேன். "நீயே புடிச்சுக்கம்மா, அது உன்னோடதான் நடக்குது" என்றான்.

உங்கள் வீட்டு நாயைக் கோடையில் எப்படிப் பார்த்துக்கொள்கிறீர்கள் என்று எழுதுங்கள் சகோதரிகளே. அடுத்த இதழில் சந்திப்போம்.