காகிதத்திலேயே கம்ப்யூட்டர் செய்த பையன்!

'கம்ப்யூட்டர் வாங்கிக் கொடுங்க' என்று பிள்ளைகள் கேட்பது இன்றைக்கு எல்லா வீட்டிலும் நடப்பதுதான். 1960-களின் கடைசியில், கலிஃபோர்னியாவில் ஒரு ஸ்கூல் பையன், 'ஒருநாள் சொந்தமாகக் கம்ப்யூட்டர் வாங்குவேன்' என்று அப்பாவிடம் சொன்னான். அது ஒரு வீட்டின் விலையாச்சே என்றார் அப்பா. அப்படியென்றால் வீடு வேண்டாம், அபார்ட்மென்ட்டிலேயே இருந்துகொள்கிறேன் என்றான் பையன்!

அவர்தான் ஸ்டீவ் வாஸ்னியாக். ஆப்பிளைத் தொடங்கிய இரண்டு ஸ்டீவ்களில், நாம் அதிகம் பேசாத ஸ்டீவ்.

அப்பா, லாக்ஹீட் நிறுவனத்தில் இன்ஜினீயர். மகன் எதைக் கேட்டாலும், 'பெரியவனானதும் புரியும்' என்று தட்டிக்கழிக்காமல், எலெக்ட்ரானிலிருந்து ஆரம்பித்துச் சொல்லிக்கொடுத்தார். ஆறாம் வகுப்பிலேயே ஹாம் ரேடியோ உரிமம் வாங்கிவிட்டான் பையன். ரேடியோவையும் கிட் வாங்கித் தானே கோத்தான். தெருப் பிள்ளைகளோடு சேர்ந்து வீட்டுக்கு வீடு ஒயர் இழுத்து இன்டர்காம் போட்டதும் அந்த வயதில்தான்.

உயர்நிலைப் பள்ளியில் கம்ப்யூட்டர் ஆசை பிடித்துக்கொண்டது. ஆனால், சிப் வாங்கக் காசு ஏது? கம்பெனிகளின் கையேடுகளைத் தேடிப்பிடித்து, அந்தக் கம்ப்யூட்டர்களைக் காகிதத்திலேயே தன் போக்கில் வடிவமைத்தான். அதையே மறுபடியும் வரைவான், போன தடவையைவிடக் குறைவான சிப்களில். போட்டி தன்னோடு மட்டும்தான். இதற்கு மார்க்கும் கிடையாது, கைதட்டலும் கிடையாது. நம் வீடாக இருந்தால், 'பரீட்சைக்குப் படிக்காம என்னடா கிறுக்கிட்டிருக்கே?' என்று ஒரு குரல் வந்திருக்கும்!

1971-ல்தான் நிஜ சிப்கள் கைக்கு வந்தன, அதுவும் வேலை பார்த்த இடத்தில் தெரிந்தவர் தயவில். நண்பர் பில் ஃபெர்னாண்டஸ் வீட்டு கராஜில் இருவரும் ஒரு குட்டிக் கம்ப்யூட்டரைக் கட்டினார்கள். நடுநடுவே சைக்கிளில் போய் கிரீம் சோடா வாங்கிவந்து குடித்ததால், அதன் பெயரே 'கிரீம் சோடா கம்ப்யூட்டர்'. பத்திரிகைக்காரருக்கு இயக்கிக் காட்டும் நேரம் பார்த்து, பவர் சப்ளை புகைந்துபோனது தனிக்கதை. வாஸ்னியாக்குக்கு ஸ்டீவ் ஜாப்ஸை அறிமுகப்படுத்தியதும் இதே ஃபெர்னாண்டஸ்தான்.

1973-ல் ஹெச்.பி-யில் கால்குலேட்டர் வடிவமைக்கும் வேலை. 1976-ல் ஆப்பிள்-1. ஆனால், அந்தக் காகிதப் பழக்கம் முழுசாகத் தெரிந்தது, 1978-ல் வந்த ஆப்பிளின் ஃப்ளாப்பி டிரைவில். மற்றவர்கள் டஜன் கணக்கில் சிப் அடுக்கிய கன்ட்ரோலர் கார்டை, வாஸ்னியாக் எட்டே சிப்களில் முடித்தார். சிப் குறைந்தால் செலவு குறையும், சாலிடர் இணைப்புகள் குறையும், பழுதும் குறையும். வாங்கக் காசில்லாத வயதில் பழகிய சிக்கனம், ஆப்பிளுக்கு லாபமாகத் திரும்பியது.

1990-களில் வாஸ்னியாக் வகுப்பறைக்குத் திரும்பினார். பாதியில் விட்ட பட்டத்தை 1986-லேயே முடித்தாகிவிட்டது. இந்தமுறை போனது, ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்குக் கம்ப்யூட்டர் சொல்லிக்கொடுக்க!