வயலின் உரமும் கடலின் நுண்பாசியும்

வேலூர், ஆம்பூர்ப் பக்கத்து மிராசுதாரர்களிடம் கடலைப் பற்றிப் பேசினால் நகைப்பார்கள். பாலாறு வருஷத்தில் பெரும்பகுதி வெறும் மணலாகவே கிடக்கிறது. ஆயினும் 2021ஆம் வருஷம் நவம்பர் வெள்ளம் வாயலூரருகே கடலிற் கலந்தபோது, நம் வயல்களிற் கரைந்த தழைச்சத்தும் உடன் சென்றிருக்கும் என்பதில் ஐயமில்லை.

கடலோரத்து நுண்பாசியும் பயிரே. அதற்கும் வெயிலும் தழைச்சத்தும் வேண்டும். வங்கக் கடலில் கனமற்ற ஆற்றுநீர் மேலே படர்ந்து மூடுவதால், ஆழத்துச் சத்து எளிதில் மேலெழுவதில்லை. ஆகவே கடல்நூலார் சத்து, பாசி, அதனை மேயும் சிற்றுயிர், மடிந்த கழிவு ஆகியவற்றைப் பருவந்தோறும் வரவு செலவாகக் கணக்கிடுங்கால், ஆறு கொணர்வதையும் வரவிலே எழுதுகின்றனர். வரவு மிஞ்சினால் பாசி பெருகி, மடிந்து அழுகி, நீரிலுள்ள பிராணவாயுவைக் குறைத்து, மீனைக் கொல்லும். நமது ஏரிகளிலும் இதுவே நிகழ்கிறது.

தோல் ஷாப்புகளிற் சுண்ணாம்பு நீக்க இடும் அம்மோனியம் சல்பேட்டும் தழைச்சத்தே. அவற்றின்மீது 1996இல் சுப்ரீம் கோர்ட்டு தலைக்குப் பதினாயிரம் ரூபாய் அபராதம் விதித்தது. நம்மை எவரும் கேட்பதில்லை! நெல்லுக்கு இடும் யூரியாவில் பாதிக்கு மேல் பெரும்பாலும் பயிரைச் சேர்வதில்லை. ஐப்பசி மேகம் கறுத்திருக்கையில் மூட்டையை அவிழ்த்து வீசுவது, எனது அபிப்பிராயத்தில், பணத்தை வாய்க்காலில் விடுவதாகும். மூன்று தவணையாக இடுக. இட்டபின் சில நாள் வடிமடையை அடைத்து வைக்க. கிராம அதிகாரிகள் மழை அறிவிப்பைச் சாவடியில் எழுதி வைப்பது பேருதவியாகும்.