இரவுக் கணக்கா? விடியற் கணக்கா?



நம்மில் நாலு பேர் கூடினால் பெருமையாகச் சொல்லிக்கொள்ளும் பேச்சு ஒன்று உண்டு. "விடியற்காலை நாலு மணிக்கு எழுந்தால் ராத்திரி பதினோரு மணிக்குத்தான் படுக்கை" என்பதே அது. ஸ்ரீரங்கத்தில் முப்பது ஆண்டுகளாக மளிகையும் காய்கறியும் விற்கும் நானும் இதைப் பலமுறை சொல்லியிருக்கிறேன். இப்போது சொல்வதில்லை. அதற்கு ஒரு காரணம் உண்டு.

எங்கள் கடையில் பதினெட்டு ஆண்டுகளாக மாதப் பற்று வைத்திருந்த மாமி ஒருவர், ஒரு மாதம் ஐந்தாம் தேதி இரவு ஒன்பது மணிக்கு வந்து 2,350 ரூபாய் கட்டினார். கடையில் கூட்டம். சிட்டையில் தொகையை மட்டும் கிறுக்கி வைத்தேன். ஷட்டரை இறக்கி, கல்லாவை எண்ணி, பற்று நோட்டில் ஏற்றும்போது மணி பதினொன்றைத் தாண்டிவிட்டது. கண் சொருகியது. வரவை அடுத்த பக்கத்தில் இருந்த வேறொரு வீட்டுக் கணக்கில் எழுதிவிட்டேன். அடுத்த மாதம் மாமியிடம் பழைய பாக்கியைக் கேட்டேன்.

"போன மாசமே கொடுத்தேனேப்பா" என்றார்.

"நோட்டுல இல்லீங்களே மாமி" என்றேன்.

மாமி வாக்குவாதம் செய்யவில்லை. மறுநாள் அதே தொகையை இரண்டாம் முறை கொண்டுவந்து மேசை மேல் வைத்துவிட்டுப் போனார். பத்து நாள் கழித்து மற்ற வீட்டுக்காரர், "என் கணக்குல நான் கட்டாத பணம் வரவு ஆகியிருக்கே" என்று நேர்மையாக வந்து சொன்ன பிறகுதான் உண்மை விளங்கியது. பணத்தை எடுத்துக்கொண்டு மாமி வீட்டுக்கு ஓடினேன். வாங்கிக்கொண்டார், காப்பியும் கொடுத்தார். ஆனால் அதன் பிறகு எங்கள் கடைப் படி ஏறவில்லை. அரை மணி நேரத் தூக்கக் கலக்கம் பதினெட்டு வருஷ வாடிக்கையைக் கொண்டுபோயிற்று.

இந்த அனுபவத்தில் பிறந்ததுதான் இக்கட்டுரை. இரவு வெகுநேரம் விழித்து வேலை செய்வது நல்லதா, விடியலில் எழுந்து செய்வது நல்லதா?

இரவுக் கட்சியின் நியாயம்

இரவு வியாபாரம் நமக்குப் புதிதல்ல. மதுரையில் பகல் கடைத்தெருவுக்கு நாளங்காடி என்றும் இரவுக் கடைத்தெருவுக்கு அல்லங்காடி என்றும் பெயர் இருந்ததை மதுரைக்காஞ்சி சொல்கிறது. இன்றும் திருச்சி காந்தி மார்க்கெட்டின் மொத்த வியாபாரம் ஊர் உறங்கும் நேரத்தில்தான் விழித்துக்கொள்கிறது. லாரிகள் இரவில் வந்து இறக்குகின்றன. வெயில் ஏறுமுன் காய்கறி கைமாறினால்தான் வாடாமல் வீடு போய்ச் சேரும். 2020-ல் கொரோனா காலத்தில் மார்க்கெட் மூடப்பட்டு, பொன்மலை ஜி கார்னர் மைதானத்துக்கு மொத்த வியாபாரம் போனபோதும் அங்கும் அது இரவு வியாபாரமாகவேதான் நடந்தது. இடம் மாறினாலும் சரக்கின் குணம் மாறாது.

சில்லறைக் கடைக்காரருக்கும் நியாயம் இருக்கிறது. வேலைக்குப் போய் வருபவர்கள் இரவு எட்டு மணிக்கு மேல்தான் சாமான் வாங்க வருகிறார்கள். சத்திரம் பேருந்து நிலையத்தைச் சுற்றியுள்ள கடைகளுக்குக் கடைசி வண்டி வரையில் வியாபாரம். வைகுண்ட ஏகாதசிக்கு முந்திய இரவில் ஸ்ரீரங்கத்தில் எந்தக் கடைக்காரர் தூங்குவார்? மேலும், வாடிக்கையாளர் தொந்தரவில்லாமல் நிம்மதியாகக் கணக்கு எழுத இரவுதான் தோது என்பார்கள். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன்.

உடம்பு சொல்லும் கணக்கு

நிம்மதி வெளியில் இருந்தால் போதாது, மூளைக்குள்ளும் இருக்கவேண்டும். மனித உடம்புக்குள் பகல் இரவை ஒட்டி ஓடும் ஒரு கடிகாரம் இருக்கிறது. அது உயிரணுக்களுக்குள் எப்படி ஓடுகிறது என்று கண்டறிந்த மூன்று அமெரிக்க விஞ்ஞானிகளுக்கு 2017-ல் மருத்துவத்துக்கான நோபல் பரிசு கிடைத்தது.

அதைவிட நமக்கு நெருக்கமான செய்தி 1997-ல் வெளியான ஓர் ஆஸ்திரேலிய ஆராய்ச்சி. தொடர்ந்து 17 மணி நேரம் விழித்திருப்பவரின் கைத்திறனும் கவனமும், 100 மில்லி லிட்டர் ரத்தத்தில் 50 மில்லிகிராம் மது உள்ளவரின் அளவுக்குத் தடுமாறுகின்றன என்று அது காட்டியது. நம் நாட்டு மோட்டார் வாகனச் சட்டப்படி 30 மில்லிகிராமைத் தாண்டினாலே வண்டி ஓட்டுவது குற்றம்.

இப்போது நம் கணக்கைப் போட்டுப் பாருங்கள். காலை நாலு மணிக்கு எழுந்தவருக்கு இரவு ஒன்பது மணியோடு 17 மணி நேரம் முடிந்துவிடுகிறது. அதற்கு மேல்தான் நாம் கல்லாவை எண்ணுகிறோம், பற்று நோட்டு எழுதுகிறோம், மண்டிக்கு ஆர்டர் சொல்கிறோம், கடைசியில் பைக்கை எடுத்துக்கொண்டு காவிரிப் பாலத்தைத் தாண்டி வீட்டுக்குப் போகிறோம். குடித்துவிட்டு ஒருவர் கல்லாவில் உட்கார்ந்தால் அவரிடம் சாவியைக் கொடுப்போமா? ஆனால் அதே நிலையில் நாமே தினமும் உட்காருகிறோம்.

ஆகவே விடியலே மேல் என்று உடனே முடிவு கட்டிவிடவும் முடியாது. ஔவை வைகறையில் எழச் சொன்னது உண்மைதான். ஆனால் பதினொன்றரைக்குப் படுத்து மூன்றரைக்கு எழுவது வைகறை எழுச்சி ஆகாது. அது பாதித் தூக்கத்தில் பிடுங்கி நடுவது. நேரத்தோடு படுத்தவருக்கே விடியல் சொந்தம். நம் தொல்லை இரவா விடியலா என்பதல்ல. இரண்டையும் ஒரே ஆள் ஒரே நாளில் செய்வதுதான் தொல்லை. நம்பெருமாள் உற்சவத்திலேயே பகல் பத்து தனி, இராப் பத்து தனி என்றுதானே வைத்திருக்கிறார்கள்!

எதை இரவில், எதை விடியலில்?

என் கடையில் இரண்டு ஆண்டுகளாக நான் செய்துவரும் மாறுதல்களைச் சொல்கிறேன். இவை பெரிய தத்துவம் ஒன்றுமல்ல.

முதலாவது, இரவில் கைவேலை மட்டும். ரொக்கத்தை எண்ணி, தொகையை எழுதி, பையில் கட்டிப் பூட்டுவதோடு சரி. பற்று நோட்டு, சரக்கு இருப்பு, ஆர்டர் எதையும் இரவில் தொடுவதில்லை. பற்று வரவைப் பெயரோடு அந்த நிமிஷமே சிட்டையில் எழுதுகிறோம். கொடுத்தவர் கண் முன்னாலேயே எழுதுகிறோம்.

இரண்டாவது, விடியலில் தலைவேலை. காலை ஐந்தரை முதல் ஆறேகால் வரை ஷட்டரைப் பாதி இறக்கி வைத்து, சிட்டையைப் பேரேட்டில் ஏற்றுகிறேன். இரவில் ஒன்றரை மணி நேரம் இழுத்த வேலை முக்கால் மணியில் முடிகிறது. யாருக்குக் கடன் கொடுக்கலாம், எந்தச் சரக்கு தேங்குகிறது என்பதும் அப்போதுதான் தெளிவாகத் தெரிகிறது. அசதியில் இருப்பவருக்கு எல்லா வாடிக்கையாளரும் ஒன்றுபோல்தான் தெரிவார்கள்.

மூன்றாவது, ஜி.எஸ்.டி. மாதக் கணக்கு தாக்கல் செய்பவர்களுக்கு விற்பனை விவரத்துக்கு 11-ந் தேதி, வரி கட்டும் 3பி படிவத்துக்கு 20-ந் தேதி கெடு. கெடு நாளின் நள்ளிரவில் கம்ப்யூட்டர் முன்னால் உட்காருவது நம்மில் பலருக்கு வழக்கமாகிவிட்டது. 3பி-யை ஒருமுறை தாக்கல் செய்துவிட்டால் திரும்ப எடுத்துத் திருத்த வழி கிடையாது. பின்வரும் மாதங்களில்தான் சரிக்கட்ட வேண்டும். கெடுவுக்கு மூன்று நாள் முன்னதாக ஒரு விடியற்காலையை இதற்கு ஒதுக்குங்கள்.

நான்காவது, மார்க்கெட் முறை வைப்பது. 2022 இறுதியில் காவிரிப் பாலம் பழுதுபார்ப்பதற்காக மூடப்பட்டு 2023 மார்ச்சில் திறக்கப்படும் வரை, ஸ்ரீரங்கத்துக்காரர்கள் பைபாஸ் பாலம் வழியாகச் சுற்றிப் போகவேண்டியிருந்தது. டீசல் செலவைப் பார்த்து எங்கள் வீதியில் நாலு கடைக்காரர்கள் சேர்ந்து ஒரே வண்டியில் சரக்கு எடுத்தோம். ஒருவர் போய் நாலு பேருக்கும் வாங்கி வந்தார். பாலம் திறந்த பிறகும் அதை நாங்கள் விடவில்லை. முன்பு வாரத்தில் ஏழு நாளும் மூன்றரைக்கு எழுந்தவன் இப்போது இரண்டு நாள்தான் எழுகிறேன். பஞ்சப்பூரில் 2025-ல் பேருந்து முனையம் திறக்கப்பட்டது. மொத்தக் காய்கறிச் சந்தையையும் அந்தப் பக்கம் கொண்டுபோவது அரசின் திட்டம். அது நடந்தால் வடகரைக் கடைக்காரர்களுக்குத் தூரம் இன்னும் கூடும். இந்தக் கூட்டு முறையை இப்போதே பழகிக்கொள்வது நல்லது.

கடைப் பையனும் மண்டிக்காரரும்

நம்மிடம் வேலை பார்ப்பவர்களையும் நினைக்கவேண்டும். 1947-ம் ஆண்டு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டப்படி சாதாரணமாக நாளைக்கு 8 மணி நேரம், வாரத்துக்கு 48 மணி நேரந்தான் வேலை. 4 மணி நேர வேலைக்குப் பின் 1 மணி நேர ஓய்வு கொடுக்கவேண்டும். சட்டம் பையனைக் காக்கிறது. கல்லாவில் இருக்கும் முதலாளியைக் காக்க எந்தச் சட்டமும் இல்லை. அவர் தம்மைத் தாமேதான் காத்துக்கொள்ள வேண்டும். திருச்சி வெயிலில் மதியம் இரண்டு மணிக்குப் பலகை போட்டுவிட்டுச் சற்றே கண்ணயரும் பழைய வழக்கத்தைச் சோம்பல் என்று விட்டுவிட்டோம். அது சோம்பல் அல்ல, முதலீடு.

மண்டிக்காரர்களுக்கு இரவு தவிர்க்கமுடியாதது. ஆனால் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி அமைப்பு, இரவு வேலையைப் புற்றுநோய்க்குக் காரணமாக இருக்கக்கூடியவற்றின் வரிசையில் 2007-ல் சேர்த்து, 2019-ல் மறுபடியும் உறுதி செய்தது என்பதை அவர்கள் மறக்கலாகாது. இரவில் ஏலமும் எடையும் பார்த்தவரே காலை பத்து மணிக்கு வசூலுக்கும் கிளம்பக்கூடாது. மகனோ, தம்பியோ, கணக்குப்பிள்ளையோ பகல் பொறுப்பை ஏற்கவேண்டும். பகல் தூக்கத்தில் இருக்கும் மண்டிக்காரருக்குப் போன் அடித்து விலை கேட்பதைச் சில்லறைக் கடைக்காரர்களாகிய நாமும் நிறுத்தவேண்டும்.

தனியாக மூட முடியாது, சேர்ந்து மூடலாம்

"நீ ஒன்பதரைக்கு மூடினால் எதிர்க்கடைக்குத்தானே லாபம்?" என்று என்னையும் கேட்டார்கள். நியாயமான கேள்வி. அதனால்தான் இது தனியாளால் ஆகாத காரியம் என்கிறேன்.

10 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் கடைகள் ஆண்டு முழுவதும் 24 மணி நேரமும் திறந்திருக்கலாம் என்று 2019-ல் அரசு அனுமதித்தது. அது 2022-லும் 2025-லும் மும்மூன்று ஆண்டுகளுக்கு நீட்டிக்கப்பட்டது. ஆள் பலம் உள்ள பெரிய கடை முறை வைத்து விழித்திருக்கும். கைப்பேசியில் ஆர்டர் எடுத்துப் பத்து நிமிஷத்தில் அனுப்புகிற கம்பெனிகளும் அப்படியே. ஒற்றை ஆளாக இருந்துகொண்டு அவர்களோடு விழித்திருப்பதில் போட்டி போட்டால் தோற்பது நாம்தான். நம் பலம் வேறு. முகம் தெரிந்து கொடுப்பதும், கணக்குப் பிசகாமல் இருப்பதும், காலையில் புதுச் சரக்கு வைப்பதும் நம் பலம். அந்த மூன்றுக்கும் தூக்கம் வேண்டும்.

வாடிக்கையாளர் பழகுவாரா என்ற சந்தேகம் வேண்டாம். 2020 ஏப்ரலில் மளிகைக் கடைகளுக்குக் காலை 6 முதல் பகல் 1 மணி வரை என்றும், 2021 மே மாதத்தில் ஒரு கட்டத்தில் காலை 6 முதல் 10 வரை என்றும் நேரம் குறைத்தார்கள். ஜனங்கள் அந்த நேரத்துக்குள் வந்து வாங்கினார்கள். அது ஊரே வீட்டில் இருந்த நெருக்கடிக் காலம் என்பதை மறுக்கவில்லை. ஆனால் எல்லாக் கடைக்கும் ஒரே நேரம் என்றால் வாங்குபவர் தம் நேரத்தை மாற்றிக்கொள்வார் என்பது அன்று தெரிந்தது.

ஆகவே சங்கத்தின் முன் ஒரு யோசனை வைக்கிறேன். ஊர் முழுவதுக்கும் ஒரே உத்தரவு வேண்டாம். ஒவ்வொரு வீதிக் கடைக்காரர்களும் கூடிப் பேசி, திருவிழா நாட்களும் தீபாவளி, பொங்கல் வாரங்களும் தவிர மற்ற நாட்களில் இரவு ஒன்பதரைக்கு மூடுவது என்று மூன்று மாதம் சோதித்துப் பார்க்கட்டும். மருந்துக் கடை, உணவு விடுதி, பேருந்து நிலையக் கடைகளுக்கு விலக்கு இருக்கட்டும். மூன்று மாத முடிவில் விற்பனையை மட்டுமல்ல, கணக்குப் பிழையையும், காலாவதியான சரக்கையும், மருந்துச் செலவையும் சேர்த்து எழுதிப் பார்ப்போம். நஷ்டம் என்றால் பழையபடியே திறப்போம்.

சுவர் இருந்தால்தான் சித்திரம் எழுதலாம். கடையைத் திறந்து வைக்கும் நேரத்தை மட்டும் உழைப்பு என்று எண்ணி வந்தோம். தெளிந்த தலையோடு நாம் கடையில் இருக்கும் நேரமே உழைப்பு. எங்கள் வீதியில் ஐந்து கடைகள் சம்மதித்திருக்கின்றன. எதிர்க்கடைக்காரர் மட்டும் "யோசிக்கிறேன்" என்கிறார். நல்ல யோசனை விடியற்காலையில்தான் வரும் என்று அவரிடம் சொல்லியிருக்கிறேன்.