யார் அனுசரிப்பது?

‘அனுசரித்துப் போ’ என்ற சொல் நம் ஊரில் மேலிருந்து கீழேதான் வரும். வீட்டுக்காரர் குடித்தனக்காரரிடம் சொல்வார், மாமியார் மருமகளிடம் சொல்வார். எதிர்த்திசையில் கேட்பது அபூர்வம். தியாகராய நகர் ஜவுளிக்கடைகளில் விற்பனைப் பெண்கள் நாள் முழுக்க நின்றே வேலை பார்த்ததும் இந்தச் சொல்லின் பேரில்தான். கால் வீங்கும், முதுகு பிடித்துக்கொள்ளும், கெண்டைக்காலில் நரம்பு சுருண்டுகொள்ளும். போகப் போகப் பழகிவிடும் என்றார்கள். உடம்பு பழகவில்லை, நோயை வாங்கிக்கொண்டது. 2018இல் கேரளமும் 2021இல் தமிழ்நாடும் சட்டத்தைத் திருத்தி, கடை ஊழியர்களுக்கு இருக்கை தரவேண்டும் என்றன. அனுசரிக்க வேண்டியது கடைதான் என்று ஆயிற்று. ரங்கநாதன் தெருவில் துணி எடுக்கப் போகிறவர்கள், அந்த இருக்கை இருக்கிறதா, அதில் உட்கார விடுகிறார்களா என்று பாருங்கள். இல்லையென்றால் கல்லாவில் இருப்பவரிடம் கேளுங்கள்.