கோட்டை வாயிலில் சற்று நில்லுங்கள்



பள்ளி விடுமுறை வந்துவிட்டால் புக்கிட் செந்தோசாவிலிருந்து குடும்பம் குடும்பமாகக் கோல சிலாங்கூருக்குக் கிளம்பிவிடுகிறோம். புக்கிட் மெலாவத்தியில் குரங்குகளைப் பார்த்து, பீரங்கி அருகே பிள்ளைகளை நிறுத்திப் படம் எடுத்துத் திரும்புகிறோம். அந்தக் குன்றுக் கோட்டையை 1784இல் டச்சுக்காரர்கள் பிடித்தார்கள். மறு ஆண்டே சுல்தான் இப்ராஹிம் மீட்டுக்கொண்டார். இன்று அங்கே படையும் இல்லை, காவலும் இல்லை.

அந்நாளில் அதே டச்சுக்காரர்களிடம் இருந்த இன்னொரு கோட்டையில் இன்றும் படைவீரர்கள் குடியிருக்கிறார்கள். அது திருகோணமலையின் பிரெட்ரிக் கோட்டை. நம்மவர்கள் பலர் இலங்கை யாத்திரையில் அதற்குள் போய் வந்திருப்பார்கள். கோணேசர் கோயிலுக்கு வழியே அதுதான். இராணுவ முகாமின் நடுவே, மரநிழலில் மேயும் மான்களைப் பார்த்தபடி, அர்ச்சனைத் தட்டோடு பாறைமேல் ஏற வேண்டும்.

தரிசன அவசரத்தில் பலரும் கோட்டை வாயிலைக் கவனிப்பதில்லை. எனக்கு அது பெரிய வருத்தம். 1620களில் போர்த்துக்கீசர், சம்பந்தர் பாடிய அந்தக் கோயிலை இடித்து, அதன் கற்களைக் கொண்டே இந்தக் கோட்டையைக் கட்டினார்கள். வாயிற்கல்லில் இரட்டை மீன் சின்னம் இருக்கிறது. குளக்கோட்டன் என்ற மன்னனின் பெயரோடு சேர்த்துச் சொல்லப்படும் தமிழ்க் கல்வெட்டும் அங்கேதான். 1639இல் டச்சுக்காரர், 1795இல் ஆங்கிலேயர் என்று கொடிகள் மாறின. கல் அங்கேயே நின்றது. கோட்டையில் இருக்கும் அந்தக் கல்லே இன்று பழைய கோயிலுக்குச் சாட்சி. அதனால்தான் இந்தக் கோட்டை காக்கப்பட வேண்டும் என்கிறேன்.

கோயில் இடிபட்டபோது அடியார்கள் மண்ணுக்குள் மறைத்துவைத்த திருமேனிகள் 1950இல் கிணறு தோண்டும்போது வெளிப்பட்டன. கோயிலை மீண்டும் எழுப்பி 1963இல் குடமுழுக்குச் செய்தார்கள். முன்னூறு ஆண்டுகளுக்கு மேல் கோயிலில்லாமல் இருந்த பாறை அது!

அடுத்த முறை போகிறவர்கள் வாயிலில் ஐந்து நிமிடம் நின்று, பிள்ளைகளுக்கு அந்த மீன்களைக் காட்டுங்கள். படைவீரர்கள் வாழும் இடம் என்பதால், படம் எடுக்கும் முன் காவலரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். போய் வந்த அனுபவத்தை எங்களுக்கு எழுதுங்கள், அடுத்த இதழில் வெளியிடுவோம்.

அன்புடன்,
ஆசிரியர்